கட்டுமானக் கேள்வி பதில்: ஆய்வுக்கூடத்துக் கான்கிரீட் நம் வாசலுக்கு வரும் வழி

சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துத் தயாரிக்கும் எல்சி3 என்னும் புதிய சிமென்ட்டைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களே இம்மாதம் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே வழக்கமான மனையடி, வாஸ்து, விரிசல் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, புதிய கான்கிரீட் பொருள்கள் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: புதுவகைக் கான்கிரீட் கண்டுபிடிக்கப்பட்டதாக ஆண்டுதோறும் செய்தி படிக்கிறோம். ஆனால் எங்கள் தெருவில் எழும் வீடுகளில் என் தாத்தா காலத்துக் கலவையைத்தான் போடுகிறார்கள். இடையில் என்னதான் நடக்கிறது? (சிவில் பொறியியல் மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நான் சென்ற மாதம் குறிப்பிட்ட எல்சி3 சிமென்ட்டின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் இன்று வாங்கும் சாதாரண சிமென்ட்டில் கிளிங்கர் என்னும் சுட்ட கட்டியே ஏறத்தாழ முழுப் பங்கும் வகிக்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால்தான் கிளிங்கர் கிடைக்கும். அவ்வாறு சுடும்போது எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுவைக் காட்டிலும் சுண்ணாம்புக்கல்லே சிதைந்து வெளிவிடும் வாயு அதிகம். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருவதற்கு இதுவே காரணம். எல்சி3-யில் கிளிங்கர் பாதியாகக் குறைகிறது. மீதியில் 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 விழுக்காடு ஜிப்சம். களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி வரை போதும்; அது சுடப்படும்போது பெரும்பாலும் நீராவியையே வெளிவிடுகிறது. இதனால் கரியமில வாயு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைகிறது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கேரன் ஸ்க்ரிவனரும், கியூபாவின் சாந்தா கிளாரா நகரில் பணிபுரியும் பேராசிரியர் ஃபெர்னாண்டோ மார்ட்டிரேனாவும் இதன் தொடக்க ஆய்வுகளில் இணைந்தவர்கள். முதலில் சில கிராம் பசையாக, பிறகு சில கிலோ கலவையாக இருந்த அது, 2013-இல் கியூபாவின் ஒரு சிமென்ட் ஆலையில் முதன்முறையாகத் தொழிற்சாலை அளவில் அரைக்கப்பட்டது. சுவிஸ் அரசின் வளர்ச்சி உதவியுடன் தில்லி, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் நம் நாட்டுக் களிமண்ணையும் நம் நாட்டு வெயிலையும் வைத்துத் தனியாகச் சோதித்தன. ஜான்சியில் ஒரு மாதிரி வீடும் கட்டப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென்று ஐ.எஸ். 18189 என்னும் தரக்குறிப்பை வெளியிட்டது 2023-இல். கருத்து உறுதிப்பட்ட பிறகும், அதைச் சட்டப்படி ஒரு மூட்டையில் அடைத்து விற்பதற்கே பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன.

இவ்வளவு காலம் ஏன் என்று தாங்கள் கேட்பது நியாயம். கான்கிரீட்டின் வலிமையை 28 நாளில் கியூப் என்னும் சோதனைக் கட்டியை உடைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஆயுளை அவ்வாறு தெரிந்துகொள்ள முடியாது. கம்பி துருப்பிடிக்குமா, உப்புக்காற்றுக்கு எப்படி நிற்கும், இருபது மழைக்காலம் கடந்தால் என்ன ஆகும் என்பவற்றுக்கு விரைவுச் சோதனைகள் உண்டு என்றாலும், வெளியில் வைத்த மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துத்தான் அவற்றை நம்ப முடிகிறது. பிரிட்டனில் உயர் அலுமினா சிமென்ட் நடத்திய பாடத்தை எந்தப் பொறியாளரும் மறக்கக்கூடாது. ஒரே நாளில் பெரும் வலிமை தரும் அந்தச் சிமென்ட்டை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கட்டடங்களில் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும் முன்வார்ப்பு உத்தரங்களுக்கு விரும்பிப் பயன்படுத்தினார்கள். 1973-இல் லண்டனின் கேம்டன் பகுதியில் ஒரு பெண்கள் பள்ளியின் கூரையும், 1974-இல் ஸ்டெப்னி பகுதியில் ஒரு பள்ளி நீச்சல் குளத்தின் கூரையும் இடிந்து விழுந்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அந்தச் சிமென்ட்டின் உட்படிகங்கள் மெல்ல வேறு வடிவத்துக்கு மாறி, நுண்துளைகள் பெருகி, வலிமை இறங்கிவிடும். முதல் நாள் வலிமை பல ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்த இழப்பை யாருக்கும் காட்டவில்லை. ஆகவே தாமதத்தின் ஒரு பகுதி அவசியமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது தாமதத்தின் மறுபகுதியை. தரக்குறிப்பு வந்த பிறகும் அப்பொருள் கொத்தனாரின் கைக்கு வராமல் நிற்கிறதே, அந்தக் காலத்தை. நிலக்கரிச் சாம்பலைச் சிமென்ட்டுடன் சேர்க்கலாம் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வு 1937-இலேயே தெளிவாக எழுதியது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1953-இல் முடிந்த ஹங்கிரி ஹார்ஸ் அணையில் பெரிய அளவில் சேர்த்தும் காட்டினார்கள். அப்படியிருந்தும், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். அடுத்த கடிதமே அதற்குச் சான்று.

கேள்வி: வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். பி.பி.சி. சிமென்ட் சாம்பல் கலந்தது, தூண்களுக்கும் தளத்துக்கும் ஆகாது, 53 கிரேடு மட்டுமே வாங்குங்கள் என்கிறார் மேஸ்திரி. உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: உண்மை இல்லை, ஆனால் மேஸ்திரி அவ்வாறு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பி.பி.சி.யில் 15 முதல் 35 விழுக்காடு வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம் என்று தரக்குறிப்பே அனுமதிக்கிறது. சாம்பல் நேரடியாகத் தண்ணீருடன் சேர்ந்து இறுகாது. சிமென்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகு மெதுவாகத்தான் அது பசையாக மாறும். ஆகவே முதல் வாரத்தில் பி.பி.சி. பின்தங்கும். தரக்குறிப்பு மூன்றாம் நாளில் 53 கிரேடு என்னும் சாதாரண சிமென்ட்டிடம் 27 மெகாபாஸ்கல் வலிமை கேட்கிறது, பி.பி.சி.யிடம் 16 மட்டுமே கேட்கிறது. மேஸ்திரி கண்ணால் காண்பது இந்த முதல் வாரத்தைத்தான். சென்ட்ரிங் பலகையைச் சீக்கிரம் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நெருக்கடியில் இருப்பவருக்கு, மெதுவாக வலுக்கும் சிமென்ட் தொல்லையாகத் தெரிவதில் வியப்பில்லை.

சாம்பல் தன் வேலையைச் செய்து முடித்த பிறகு நிலைமை மாறுகிறது. நுண்துளைகள் அடைபட்டு, தண்ணீரும் உப்பும் உள்ளே போவது கடினமாகிறது. ஆனால் அந்த வேலை நடப்பதற்கு ஈரம் வேண்டும். ஐ.எஸ். 456 என்னும் நம் கான்கிரீட் விதிநூல், சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாளும் நீராற்ற வேண்டும் என்கிறது. வறண்ட வெயில் இடங்களில் அவை முறையே 10 நாளாகவும் 14 நாளாகவும் உயர வேண்டும். காரைக்குடி வெயிலில் தாங்கள் 14 நாளைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது பெரும்பாலும் ஒழுங்காக நடந்துவிடுகிறது, தூண்கள்தான் கைவிடப்படுகின்றன. தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றி, அது காயாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீட்டில் ஒருவர் பெயரிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

சென்ட்ரிங் பிரிப்பதையும் இதனுடன் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். நான்கரை மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டுக்கால்களை 7 நாள் கழித்து எடுக்கலாம் என்று விதிநூல் சொல்வது சாதாரண சிமென்ட்டுக்கு. வேறு சிமென்ட் என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. பி.பி.சி. வாங்கினால், பலகை வாடகைக்குக் கூடுதலாகச் சில நாள் ஆகும் என்பதை ஒப்பந்தம் பேசும்போதே மேஸ்திரியிடம் சொல்லி, அதற்குரிய தொகையைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். சிமென்ட்டின் நன்மையை வீட்டுக்காரர் பெற்றுக்கொண்டு, காத்திருக்கும் செலவை மட்டும் தொழிலாளி தலையில் கட்டினால், அவர் பழைய சிமென்ட்டையே கேட்பார். அதில் தவறு காண முடியாது.

கேள்வி: சுட்ட களிமண்ணே போதும் என்றால் எங்கள் கரிசல் மண்ணைச் சுட்டுப் பயன்படுத்தலாமே? (விவசாயி, கோவில்பட்டி)

பதில்: கரிசல் மண்ணில் மிகுந்திருப்பது மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமம். மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் குணம் அதிலிருந்து வருவது. அதைச் சுட்டால் ஓரளவு வினைபுரியும் என்றாலும், இச்சிமென்ட்டுக்கு வேண்டிய அளவுக்குப் புரியாது. வேண்டியது கயோலினைட் என்னும் வேறொரு களிமம், மண்ணில் அது 40 விழுக்காடு இருந்தாலே போதும். பீங்கான் செய்யும் தூய வெள்ளைக் களிமண் தேவையில்லை என்பதே இந்த ஆய்வின் பெரிய பயன். பீங்கான் தொழில் கழித்துப் போட்ட மண்ணும் இதற்கு உதவும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளிலும் வெள்ளைக் களிமண் உண்டு.

சுட்ட மண்ணைக் கட்டுமானத்தில் சேர்ப்பது நமக்குப் புதிதும் அன்று. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையால் கட்டப்பட்டது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடிதான். சுட்ட களிமண் சேர்த்த சிமென்ட்டுக்கு 1991-இலேயே நம் நாட்டில் தரக்குறிப்பு இருந்தது. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது, சுட்ட களிமண்ணின் அலுமினாவும் சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டும் தம்முள் வினைபுரிந்து இடைவெளிகளை நிரப்பும் படிகங்களை உருவாக்குகின்றன என்ற அறிவு. அதனால்தான் கிளிங்கரைப் பாதியாகக் குறைத்தும் வலிமை நிற்கிறது.

கேள்வி: எங்கள் ரெடிமிக்ஸ் ஆலையில் சுட்ட களிமண் சேர்த்த கலவையைச் சோதித்தோம். ஆய்வுக் கட்டுரைகளில் சொன்ன வலிமை கிடைத்தது. ஆனால் லாரி போய்ச் சேர்வதற்குள் கலவை இறுகிவிடுகிறது. ஓட்டுநர் தண்ணீர் சேர்த்துவிடுகிறார். என்ன செய்வது? (தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், செங்கல்பட்டு)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது, ஆய்வுக்கூடத்துக்கும் சாலைக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. சுட்ட களிமண் மிக நுண்ணியது. அதன் துகள்கள் தகடு தகடாக அடுக்கப்பட்டவை. அவற்றின் மேற்பரப்பு தண்ணீரையும், கலவையை இளக்குவதற்காக நாம் ஊற்றும் இரசாயனத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் 27 டிகிரியில், உலர்த்திச் சலித்த மணலில், கலந்த ஐந்தாவது நிமிடத்தில் ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கத்தை, அளக்கிறார்கள். தங்கள் ஆலையிலோ பாறையை உடைத்துச் செய்த எம்-சாண்ட் இருக்கிறது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 15 விழுக்காடு வரை அதில் இருக்க மணல், ஜல்லிக்கான தரக்குறிப்பான ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது, அந்தத் தூளும் தண்ணீர் கேட்கும். பிறகு மே மாத வெயில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசல், ஒன்றரை மணி நேரப் பயணம். இவை எவையும் கட்டுரையில் இருந்திரா.

இளக்கும் இரசாயனத்தில் பாலிகார்பாக்சிலேட் வகையைச் சேர்ந்தவை இதற்கு ஏற்றவை. அவற்றிலும் எது தங்கள் சிமென்ட்டோடும் தங்கள் குவாரியின் எம்-சாண்டோடும் ஒத்துப்போகிறது என்பதைத் தாங்களேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். வேறு ஆலையின் அளவைக் கடன் வாங்க முடியாது. ஸ்லம்ப்பை கலந்தவுடன் ஒருமுறை, அரைமணிக்கு ஒருமுறை என்று இரண்டு மணி நேரம் வரை, நிழலில் அன்றி ஆலை முற்றத்தின் வெப்பத்திலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரசாயனத்தின் ஒரு பகுதியை ஆலையில் சேர்த்து, மறுபகுதியை வேலையிடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் அளந்து சேர்க்கும் ஏற்பாடும் பயன் தரும்.

ஓட்டுநரைக் கண்டிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வை செய்த ஒரு தளத்தில், கலவை கெட்டியாக வந்திருக்கிறது என்று ஓட்டுநர் முறையாகத் தொலைபேசியில் சொன்னார். கலவை வழங்கிய நிறுவனத்தில் எடுத்துப் பேச ஆளில்லை. கீழே பதினைந்து பேர் பாண்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஓட்டுநர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். அன்று எடுத்த கியூப்கள் 28-ஆம் நாள் குறிப்பிட்ட வலிமைக்குக் கீழே உடைந்தன. அந்தத் தளத்தின் ஒரு பகுதியைத் துளையிட்டுச் சோதிக்க வேண்டியதாயிற்று. தண்ணீரும் சிமென்ட்டும் எந்த விகிதத்தில் சேர்கின்றனவோ அதுவே வலிமையைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஆப்ரம்ஸ் 1918-இலேயே காட்டிவிட்டார். அந்த அறிவு ஓட்டுநரின் இருக்கை வரை வந்து சேர்வதற்கு நாம் எந்த வழியும் அமைக்கவில்லை. ஸ்லம்ப் குறைந்தால் யாரை அழைப்பது, அவர் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்வார், திருப்பி அனுப்பினால் ஓட்டுநரின் தினப்படியில் கை வைக்க மாட்டோம் என்னும் உறுதி ஆகிய மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். தங்கள் புதிய கலவைக்கு அது எந்த இரசாயனத்துக்கும் குறையாத துணையாக இருக்கும்.

கேள்வி: கடலிலிருந்து இருநூறு மீட்டரில் வீடு. பதினைந்து ஆண்டில் தளத்தின் அடியில் கம்பி தெரிகிறது. மாடி எடுக்கும்போது பூச்சு பூசிய கம்பி போடலாமா, புதுச் சிமென்ட் போடலாமா? (மீன்பிடித் தொழில் செய்பவர், நாகப்பட்டினம்)

பதில்: மாடி எடுப்பதற்கு முன் ஒரு பொறியாளரை அழைத்துக் கீழ்த்தளத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். கம்பி தெரியும் தளத்தின் மேல் பாரம் ஏற்றக்கூடாது. இது முதல் விடை. மற்றவை இதற்குப் பிறகு.

உப்புக்காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளை வழியே கம்பியை அடைந்தால் துரு தொடங்குகிறது. குளோரைடைத் தடுப்பதில் இரும்பு உலைக் கசடு சேர்த்த கசடுச் சிமென்ட்டும், சாம்பல் சிமென்ட்டும், எல்சி3-யும் சாதாரண சிமென்ட்டைவிட நன்றாகச் செயல்படுகின்றன. எல்சி3 இதில் குறிப்பாகச் சிறந்தது என்று சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் எந்தப் பொருளுக்கும் மறுபக்கம் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைப்பதும் துருவுக்கு ஒரு வழி. கிளிங்கர் குறைந்த சிமென்ட்டுகள் அதற்குச் சற்று வேகமாக இடம் கொடுக்கின்றன. இரண்டையும் எதிர்கொள்ள, தண்ணீரைக் குறைத்துக் கலப்பதும் கம்பிக்கு வெளியே கவர் என்னும் போதிய கான்கிரீட் விடுவதும் வேண்டும். கடற்கரைக்கு விதிநூல் கேட்பது எம்30 (28 நாளில் 30 மெகாபாஸ்கல் வலிமை) தரக் கான்கிரீட்டும், 45 மில்லிமீட்டர் கவரும். நான் பார்த்த கடலோர வீடுகள் பலவற்றில் கவர் 15 மில்லிமீட்டர்கூட இல்லை. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஜல்லியை வைத்திருந்தார்கள். அந்தக் குறையை எந்தப் புதுச் சிமென்ட்டாலும் ஈடுசெய்ய முடியாது.

பூச்சுக் கம்பி குறித்து எனக்கு எச்சரிக்கை உண்டு. எப்பாக்ஸி பூச்சு ஆலையிலிருந்து வரும்போது குறையின்றி இருக்கலாம். அதை லாரியிலிருந்து உருட்டிப் போட்டு, தரையில் இழுத்து, வளைத்து, வெயிலில் மாதக்கணக்கில் கிடத்தும்போது பூச்சு கீறலாகிறது, வெளிறுகிறது. கீறிய பூச்சும் வெயிலில் கிடந்த பூச்சும் எதிர்பார்த்த ஆயுளைத் தருவதில்லை என்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அரிப்புத் தடுப்புச் சிமென்ட் பூச்சுக்கும் முறையாகப் பூசத் தெரிந்த கை வேண்டும். தங்களுக்கு என் பரிந்துரை: கசடுச் சிமென்ட் அல்லது நல்ல பி.பி.சி., எம்30 கலவை, சரியான கவர், 14 நாள் நீராற்றுதல், அதுவும் நல்ல தண்ணீரில். கிணற்றில் உப்பு ஏறியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கலவைக்கும் நீராற்றுதலுக்கும் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: நான் அரசு வேலைகளை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர். அரசின் விலைப்பட்டியலில் இல்லாத பொருளைப் போட்டால் பில் நிறைவேறாது. போட்டு ஏதாவது ஆனால் நான்தான் பொறுப்பு. நான் ஏன் புதுமை செய்ய வேண்டும்? (ஒப்பந்ததாரர், சேலம்)

பதில்: தாங்கள் தனியாகச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது. இழப்பு முழுவதும் ஒருவருக்கு, பயன் முழுவதும் ஊருக்கு என்று இருக்கும்வரை புதிய பொருள் எதுவும் நடைமுறைக்கு வராது. முதல் வாங்குபவராக இருக்க வேண்டியது அரசு. நாட்டின் மிகப் பெரிய கட்டுமான முதலாளி அதுதான். ஒரு தெருவோர வடிகாலிலோ ஒரு சுற்றுச்சுவரிலோ புதிய சிமென்ட்டைப் போட்டுப் பத்து ஆண்டு கவனிக்கும் வசதி அதற்கு மட்டுமே உண்டு.

முன்மாதிரிகள் இல்லாமலும் இல்லை. தரக்குறிப்பு இன்னும் வராத பொருள்களையும் முறைகளையும் மதிப்பிட்டுச் சான்றளிக்கும் திட்டம் ஒன்றை, மத்திய அரசின் கட்டுமானப் பொருள் மற்றும் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் குழு நடத்துகிறது. சென்னைப் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் 1,152 வீடுகள் கட்டப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டன. நாட்டின் ஆறு நகரங்களில் ஆறு வேறு முறைகளைச் சோதிக்கும் திட்டத்தின் பகுதி அது. அங்கே புதுமையின் பொறுப்பை அரசு தன் தோளில் ஏற்றது. அதனால் வேலை நடந்தது.

விலைப்பட்டியலைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ இன்ன சிமென்ட் என்று எழுதும் ஒப்பந்தம், சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டுச் சுவைக்குப் பொறுப்பேற்கச் சொல்வதாகும். இந்த இடத்துக்கு இவ்வளவு வலிமை, இவ்வளவு குளோரைடு எதிர்ப்பு, இவற்றை இன்ன சோதனையால் மெய்ப்பிக்க வேண்டும் என்று எழுதினால், எந்தப் பொருளால் அதைச் செய்வது என்பதைத் தாங்களும் தங்கள் பொறியாளரும் தீர்மானிக்கலாம். தங்கள் சங்கத்தின் மூலம் இதைத் துறைக்கு எழுதுங்கள். ஐ.எஸ். எண் பெற்றுவிட்ட ஒரு சிமென்ட் விலைப்பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு.

கேள்வி: விரிசலைத் தானே ஆற்றிக்கொள்ளும் பாக்டீரியா கான்கிரீட் எப்போது கிடைக்கும்? (பள்ளி மாணவர், ஈரோடு)

பதில்: நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் என்பவர் இதை ஆராய்ந்து, விற்பனைக்கும் கொண்டுவந்திருக்கிறார். உறங்கிக்கிடக்கும் பாக்டீரியா, விரிசலில் தண்ணீர் புகுந்ததும் விழித்து, அருகில் வைத்த உணவை உண்டு சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கி விரிசலை அடைக்கிறது. சுரங்கம், தண்ணீர்த்தொட்டி போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஈரோட்டில் ஒரு வீட்டுத் தளத்துக்கு அதன் விலை கட்டுப்படியாகாது, தம்பி. அந்தத் தளத்தில் முதல் நாளே வரும் விரிசல் பெரும்பாலும் மிகுந்த தண்ணீராலும் வெயிலில் காயவிட்டதாலும் வருவது. தார்ப்பாய் ஒன்றை மூடி வைத்தாலே பாதி நின்றுவிடும்.

கேள்வி: முப்பது வருடமாகக் கொத்து வேலை செய்கிறேன். சிமென்ட் மாறுகிறது, மணல் மாறுகிறது. எங்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. தப்பு வந்தால் மட்டும் எங்களைக் கேட்கிறார்கள். புதுச் சிமென்ட் வந்தால் நான் என்ன மாற்றிச் செய்ய வேண்டும்? (கொத்தனார், திருவண்ணாமலை)

பதில்: ஐயா, இம்மாதக் கடிதங்களில் தங்களுடையதை முதலில் வைத்திருக்க வேண்டும். பேராசிரியர்களும் ஆலைகளும் தர நிர்ணய அமைவனமும் செய்யும் அத்தனை வேலையும் தங்கள் கையில்தான் கான்கிரீட்டாகிறது. தங்களிடம் சொல்லாதது எங்கள் தவறு.

மூட்டை வந்ததும் அதன்மேல் அச்சிட்ட ஐ.எஸ். எண்ணையும் தயாரித்த வாரத்தையும் பாருங்கள். 269 என்றால் சாதாரண சிமென்ட், 1489 என்றால் பி.பி.சி., 455 என்றால் கசடுச் சிமென்ட், 18189 என்றால் நான் மேலே எழுதிய சுட்ட களிமண் சிமென்ட். எண் மாறினால் வேலையும் மாறும். கடைசி வகையின் நிறம் சற்றுச் சிவந்து இருக்கக்கூடும். அது களிமண்ணிலுள்ள இரும்பால் வருவது, கலப்படம் அன்று. கலவை கையில் கெட்டியாகத் தெரியும். அதைக் கண்டு தண்ணீர் ஊற்ற வேண்டாம். 50 கிலோ மூட்டைக்கு மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து 25 லிட்டர் என்று பொறியாளர் சொல்லியிருந்தால், அதற்கு மேல் ஊற்றும் 5 லிட்டர் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும். மழை பெய்த மறுநாள் மணல் தானே தண்ணீரைக் கொண்டுவரும். அன்று அளவைக் குறையுங்கள். கலவை ஓடவில்லை என்றால், இளக்கும் மருந்தை அளந்து தரும்படி பொறியாளரைக் கேளுங்கள்; வைப்ரேட்டரை ஒழுங்காகப் பிடித்தால் கெட்டிக் கலவையும் கம்பிக்குள் இறங்கும். இந்தச் சிமென்ட் தண்ணீரை மேலே கக்குவது குறைவு. அதனால் வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். தேய்த்து முடித்த உடனே ஈரச் சாக்கோ பாலித்தீன் தாளோ மூடிவிடுங்கள். சென்ட்ரிங்கைப் பிரிக்கும் நாளைப் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாங்கள் இப்போது எந்த மணல், எந்த ஜல்லியில் வேலை செய்கிறீர்கள் என்பதையும், தங்கள் பகுதிக்கு வரும் மூட்டையில் என்ன எண் இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதற்கேற்ற கலவை அளவைப் பாண்டுக் கணக்கிலேயே அடுத்த இதழில் தருகிறேன்.